சனிக்கிழமைகளில் மட்டும் வந்த கணவர்

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு ரொறன்ரோவின் மல்வேர்னிலிருந்து புறப்பட்டோம். மகள் நிலானி காரோட்ட, பக்கத்தில் அவளுடைய மாமியார் லொரெய்ன், பின்னால் நான். லொரெய்ன் ரொறன்ரோவில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி, ஓய்வுபெற்ற மருத்துவமனைத் தாதி. அவருடைய முன்னோர் ஐசாக், அமெரிக்காவின் டெனெசியில் மெம்பிஸ் நகருக்கு அண்மையில் பருத்திப் பண்ணையொன்றில் அடிமையாக இருந்து கனடாவுக்குத் தப்பி வந்தவர். மனைவியும் மகளும் அங்கேயே நின்றுவிட்டார்கள். அந்த மகளின் வழிவந்த ஏமொஸ் என்ற முதியவரை லொரெய்ன் மரபணுச் சோதனை மூலம் கண்டுபிடித்திருந்தார். அவரைப் பார்க்கத்தான் இந்த ஆயிரத்தைந்நூறு கிலோமீற்றர்.

பிற்பகல் சின்சினாட்டியில் ஒஹாயோ ஆற்றைக் கடந்தோம். ஒருகாலத்தில் இதற்குத் தெற்கே அடிமைமுறை இருந்தது, வடக்கே இல்லை. லொரெய்ன் கார்க் கண்ணாடியை இறக்கி, பாலம் முடியும்வரை தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தார். இரவு லூயிவில்லில் தங்கினோம்.

மறுநாள் இரண்டு மணிக்கு, ஐசாக்கின் மனைவியும் மகளும் இருந்த பண்ணை. இப்போது அது அருங்காட்சியகம். நுழைவுச்சீட்டு பதினெட்டு டொலர். வழிகாட்டிப் பெண் பண்ணை முதலாளி வீட்டுச் சாப்பாட்டு மேசையை நெடுநேரம் விளக்கினாள். பிறகுதான் அடிமைகளின் குடில். ஒரே அறை, மண் தரை, ஓர் அடுப்பு.

"அம்மா, இதுக்குள்ள ரெண்டு ஃபமிலி இருந்திருக்கு" என்றாள் நிலானி.

அந்தக் காலத்தில் விடியமுன் மணியடிக்கும். சிறுபிள்ளைகளும் வயலுக்குத் தண்ணீர் சுமப்பார்கள். காய்ந்த பருத்திக் காயின் கூர் விரல்களைக் கிழிக்கும். மாலையில் நிறுக்கும்போது எடை குறைந்தால் அடி. அதன் பிறகுதான் தங்கள் சமையலும் தையலும். கணவனும் மனைவியும் வேறு வேறு முதலாளிகளுக்குச் சொந்தமாக இருப்பது வழக்கம். ஐசாக்கும் அடுத்த பண்ணையின் அடிமை. சனிக்கிழமை மாலை முதலாளியின் அனுமதிச் சீட்டோடு நடந்து வந்து, ஞாயிறு இரவு திரும்பிவிடுவார்.

நாங்கள் வெளியே வந்தபோது ஏமொஸ் குடில் வாசலில் காத்திருந்தார். எண்பது வயதிருக்கும். லொரெய்னின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"மாமி அதை இன்னும் சொல்லேல்லை" என்று நிலானி என் காதுக்குள் சொன்னாள். ஐசாக் கனடாவில் மறுமணம் செய்ததைத்தான் சொன்னாள். லொரெய்ன் அந்த இரண்டாம் மனைவியின் வழிவந்தவர். தொலைபேசியில் சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை.

ஏமொஸ் கேட்கமுன் லொரெய்னே சொல்லிவிட்டார். ஏமொஸ் கையை விட்டுவிட்டு வயல் பக்கம் திரும்பினார்.

"இங்கே விட்டுப்போன மனைவி வேறு யாரையும் கட்டவில்லை. சனிக்கிழமைகளில் இந்த வாசலில்தான் இருப்பாளாம். எங்கள் வீட்டில் அவரைப்பற்றி நல்லதாக யாரும் பேசியதில்லை" என்றார் ஏமொஸ்.

"ஏன் ஓடினார் என்று தெரியுமா?" என்று கேட்டார் லொரெய்ன். "அவரைத் தெற்கே தொலைதூரப் பண்ணையொன்றுக்கு விற்க விலை பேசியிருந்தார்கள். மறுவாரம் கொண்டுபோவதாக இருந்தது."

ஏமொஸுக்கு அது தெரியாது. எங்கள் பக்கம் திரும்பினார்.

"அப்படியென்றால், ஓடாமல் நின்றிருந்தாலும் அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் வந்திருக்க மாட்டார்."

லொரெய்ன் குடில் படியில் குந்தியிருந்து அழுதார். ஏமொஸ் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் சிரமப்பட்டு உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவருடைய வீட்டில். சோளரொட்டி, பொரித்த மீன், பெயர் பிடிபடாத அளவுக்குப் பிள்ளைகள். புறப்படும்போது அவர் நிலானியிடம், உன் மாமியாரை அடுத்த வருடமும் கூட்டிக்கொண்டு வா என்றார்.

செவ்வாய் மாலை வின்சரில் கனடா எல்லை. முன்பு இலங்கையிலிருந்து அகதியாக வந்து இறங்கியபோது, இந்த நாட்டில் சொந்தக்காரர் உண்டா என்று என்னைக் கேட்டார்கள். ஒருவருமில்லை என்றேன். இன்று அதிகாரி எங்கே போய் வருகிறீர்கள் என்று கேட்டார். நிலானி வாய் திறக்கமுன் லொரெய்ன் முன்னால் குனிந்து, "எங்கள் சொந்தக்காரர் வீட்டுக்கு" என்றார். சொல்லும்போது என்னையும் சேர்த்துத்தான் கைகாட்டினார்.