தம்பிக்கும் சேர்த்து ஒரு கையெழுத்து

வண்டிப்பெரியாரில் எங்கள் மளிகைக்கடை நின்ற இடம் தேயிலைக் கம்பெனிக்குச் சொந்தம். ஐம்பதுகளில் கம்பெனி அதை விற்க முன்வந்ததும் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து ஓட்டல்காரரும் அதே இடத்துக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தார். கடையில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு. பாலக்காட்டிலிருந்து என்னைக் கூட்டிவந்த அண்ணனுக்கு மட்டும் அது அடிக்கடி மறந்துபோகும். கருவாட்டை எங்கே தொங்கவிடுவது என்பதிலிருந்து எனக்கு யாரைக் கட்டிவைப்பது என்பதுவரை எல்லாம் அவர் முடிவுதான்.

பத்திரம் பதியப் போனோம். "நிலம் கம்பெனியுடையது. விற்க உங்களுக்கு யார் அதிகாரம் தந்தது?" என்று சப் ரிஜிஸ்ட்ரார் எஸ்டேட் மானேஜரைக் கேட்டார். மானேஜர் கம்பெனி கொடுத்த முக்தியாரை, அதாவது அவர் சார்பில் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பத்திரத்தை, நீட்டினார். தேயிலை விற்கலாம், ஆளை வேலைக்கு எடுக்கலாம், விரட்டலாம் என்றெல்லாம் அதில் இருந்தது. நிலம் விற்கலாம் என்று இல்லை. டைரக்டர்கள் கூடித் தீர்மானம் போட்டு, கம்பெனி முத்திரை குத்தி அனுப்ப வேண்டுமாம்.

அது வரும்வரை அண்ணனுக்குக் கொண்டாட்டம். "அத்தன பேர விரட்டுற தொரைக்கு, நாலு பாய் விரிக்கிற எடத்த விக்க முடியலயாம்! எங்கடையில நான் சொன்னாச் சொன்னதுதான்" என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அளந்தார். மானேஜர் காதுக்கும் அது போய்ச் சேர்ந்தது.

ஒருவழியாகத் தீர்மானம் வந்து, மறுபடி போனோம். எஸ்டேட் லாரிக்கு வழி விடுவோம் என்று வாங்குகிற நாங்கள் இருவரும் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. அண்ணன் பேனாவை எடுத்தார்.

"தம்பிக்கும் சேத்து நானே போட்டுர்றேன்."

"அதுக்கு முக்தியார் உண்டோ?" என்றார் சப் ரிஜிஸ்ட்ரார்.

மானேஜர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! சிரித்து முடித்து, "இன்னைக்கு முடியலேன்னா ஓட்டல்காரருக்குத்தான்" என்றார்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். வழக்கமான "டேய்" தொண்டைவரை வந்து உள்ளே போயிற்று. "தம்பி, ஒனக்குச் சம்மதந்தானே?" என்றார். நான் பிறந்ததிலிருந்து அவர் என்னிடம் சம்மதம் கேட்டது அதுதான் முதல் தடவை. உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. சட்டென்று தலையாட்ட மனம் வரவில்லை.

"ஒரு டீ குடிச்சிட்டு யோசிச்சுச் சொல்றேண்ணே."

அண்ணன் மழையில் இறங்கிப் போய், தன் கையாலேயே டீ வாங்கிவந்தார். ஊதி ஊதிக் குடித்தேன். சர்க்கரை கம்மி என்றேன். கிளாஸை வாங்கிக்கொண்டு மறுபடி மழையில் இறங்கினார்.

அவர் படியேறி வருவதற்குள் கையெழுத்தைப் போட்டுவிட்டேன். அதைச் சொல்லாமல் இரண்டாவது டீயையும் நிதானமாகக் குடித்து முடித்தேன்.