அருக்காணி சொன்ன குருவி

மரக்காணம் உப்பளத்தில் அருக்காணி சொல்வதை யாரும் அப்படியே நம்ப மாட்டார்கள். அவள் பார்த்த பாம்பு பனைமர நீளம் இருக்கும். அவள் வீட்டுக் கோழி ஒரே நாளில் மூன்று முட்டை போடும். கேட்பவர்கள் முக்கால்வாசியைக் கழித்துக்கொள்வார்கள். அவளும் அதற்காக வருத்தப்பட்டதில்லை.

மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களில் பஸ் ஏறிப் பாண்டிச்சேரி போய், தையல்நாயகி டீச்சர் வீட்டுத் தோட்டத்தைப் பெருக்குவாள். ரிட்டயரான டீச்சர், தோட்டத்துக்கு வரும் பறவைகளை நோட்டில் எழுதி வைப்பவர். 2005 நவம்பரில் ஒரு காலை, சப்போட்டா மரத்தடியில் சருகைப் புரட்டிக்கொண்டிருந்த புதுக் குருவி ஒன்றை அருக்காணி பார்த்தாள். தலையும் நெஞ்சும் ஆரஞ்சு நிறம், முதுகு நீலச் சாம்பல். ஓடிப்போய்ச் சொன்னாள்.

"டீச்சர், இதுவரைக்கும் பார்க்காத குருவிங்க. கோழி சைஸ் இருக்குது."

"கோழி சைஸா? செம்போத்தா இருக்கும், போ" என்று டீச்சர் சிரித்துவிட்டார்.

அருக்காணிக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே பார்த்திருக்கிறாள், அளவு மட்டும் வாய்ப்பழக்கத்தில் கூடிவிட்டது. இந்த ஒரு தடவையாவது தன்னை நம்பவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

"நாளைக்குக் காட்டுறேங்க" என்றாள்.

மறுநாள் முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாள். குருவி வரும் இடம் சுத்தமாக இருக்கட்டுமென்று மரத்தடிச் சருகையெல்லாம் வாரிக் கொல்லைப்புறம் கொட்டினாள். உப்பளக்காரி அல்லவா, அதோடு விட மனசு வரவில்லை. ஈரமண்ணை உப்புப் பாத்தி மிதிப்பதுபோல் மிதித்து மிதித்துத் தளம் போட்டதுபோல் ஆக்கிவிட்டாள். டீச்சர் நாற்காலி போட்டு ஒன்பது மணிவரை உட்கார்ந்திருந்தார். காக்கைதான் வந்தது.

"எங்க அருக்காணி, உன் கோழி?"

துடைப்பத்தை வைக்கக் கொல்லைக்குப் போனவள் அப்படியே நின்றாள். அவள் கொட்டிய சருகுக் குவியலின்மேல் குருவி ஏறி நின்று புழு தேடிக்கொண்டிருந்தது. அதன் சாப்பாட்டையே வாரிக் கொட்டியிருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. சத்தமில்லாமல் திரும்பிவந்து, டீச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

டீச்சர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "செந்தலைப் பூங்குருவி" என்றார் கடைசியில். "குளிர்காலத்துக்கு வடக்க மலையிலேர்ந்து இங்க எறங்கி வர்றது. இத்தனை வருஷத்துல நம்ம தோட்டத்துக்கு வந்ததே இல்ல."

நோட்டில் பறவையின் பெயருக்குப் பக்கத்தில், முதலில் பார்த்தவர் அருக்காணி என்று எழுதினார்.

"அதையே ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க டீச்சர். ஊர்ல நம்ப மாட்டாங்க."

சாயங்கால பஸ்ஸில், உடன் உப்பு வாரும் அஞ்சம்மாள் வழியில் கூனிமேட்டில் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அருக்காணி கதையை ஆரம்பித்தாள்.

"எவ்ளோ பெருசுடி?" என்றாள் அஞ்சம்மாள், கழித்துக்கொள்ளத் தயாராக.

அருக்காணியின் கைகள் வழக்கம்போல் அகல விரிந்தன. பிறகு மெல்லச் சுருங்கின.

"மைனாவ விடச் சின்னதுதான்டி."

அஞ்சம்மாள் அவள் முகத்தையே பார்த்தாள். "அப்ப நெஜமாதான் பார்த்திருக்கே" என்றாள். டீச்சர் எழுதித் தந்த சீட்டு இடுப்பிலேயே இருந்தது.