கோவிந்தராசு சித்தப்பா அனுப்பிய ‘3’

உங்கள் ஃபோனுக்கு ஒரு மெசேஜ் வருகிறது. ‘ஆம்’ என்றால் 1, ‘இல்லை’ என்றால் 2 அனுப்பச் சொல்கிறது. என்ன செய்வீர்கள்? ஒன்றையோ இரண்டையோ தட்டிவிட்டு வேலையைப் பார்ப்பீர்கள். பிடிக்காவிட்டால் சும்மா இருந்துவிடுவீர்கள்.

எங்கள் ஊர் கோவிந்தராசு சித்தப்பா போன வாரம் 3 என்று அனுப்பினார்!

‘மன்னிக்கவும், தவறான தேர்வு. 1 அல்லது 2 அனுப்பவும்’ என்று பணிவாகச் சொன்னது பாட், அதாவது தானாகவே பதில் சொல்கிற கம்ப்யூட்டர் புரோகிராம். அவர் மறுபடியும் 3 அனுப்பினார்.

இருங்கள்... எந்தப் பாட், அது எங்கள் ஊருக்கு ஏன் வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், ‘இந்த அம்மாவுக்கு இந்த வாரம் என்ன ஆச்சு’ என்று பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

நான் இருப்பது தஞ்சாவூரில், ஃபிளாட்டில். என் தம்பி கதிரேசன் இருப்பது திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊரில், வயலோடு. ஊர் விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து அறுவடை மெஷின் வாங்கியிருக்கிறார்கள். ஈர வயலிலும் இறங்குகிற செயின் வண்டி. எந்த வயலுக்கு என்றைக்கு வண்டி என்று முறை போடுகிற பொறுப்பு தம்பி தலையில். தை பிறந்துவிட்டால் அவன் ஃபோன் ஓயவே ஓயாது.

இதில் பாதிப் பேர் உள்ளூரிலேயே இல்லை. நிலம் இங்கே இருக்கும். நிலத்துக்காரர் சிங்கப்பூரில் இருப்பார். ஒருவர் வாட்ஸ்அப்பில் கேட்பார். ஒருவர் டெலிகிராமில். இன்னொருவருக்கு மெசஞ்சர்தான் தோது. பட்டன் ஃபோன்காரர்களுக்கு எஸ்.எம்.எஸ். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்றால் கோபம் மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும்.

தம்பி மகள் தேன்மொழி சாஃப்ட்வேர்க்காரி. சென்னைக் கம்பெனி வேலையை ஊரில் மாடி அறையில் உட்கார்ந்தே பார்க்கிறாள். அப்பா படும் அவஸ்தையைப் பார்த்துவிட்டு ஒரு நாள் என்னைக் கூப்பிட்டாள்.

“அத்தை, நடுவுல ஒரு கேட்வே போடப்போறேன். எந்த ஆப்ல மெசேஜ் வந்தாலும் அது வழியாத்தான் உள்ள வரும். உள்ள ஒரே பாட். அது பதில் சொல்லி, யார் எந்த ஆப்ல கேட்டாங்களோ அந்த ஆப்புக்கே திருப்பி அனுப்பிடும்.”

“அதாவது... வாசல் நாலு, உள்ள உக்காந்திருக்கிறது ஒரே ஆளு?”

“அதேதான் அத்தை! இவ்ளோ ஈஸியா எனக்கே சொல்ல வரல.”

ஆனால் செய்வது அத்தனை ஈஸியாக இல்லை. ஒவ்வொரு ஆப்பும் ஒவ்வொரு ஜாதகம் கேட்டது. ஒன்றுக்குச் சாவி மாதிரி ஒரு டோக்கன் எண் கொடுத்தால் போதும். ஒன்றுக்குக் குழுவின் பதிவுச் சான்றிதழ் வேண்டும். ஒன்றில் அழகாகப் பட்டன் வரும், தொட்டால் போதும். எஸ்.எம்.எஸ்ஸில் பட்டனே கிடையாது — அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த 1, 2 ஏற்பாடு.

சோதனை எலி யார்? நான்தான். பழக்கதோஷத்தில் காலையில் ஒரு ரோஜாப்பூ படத்தோடு ‘குட்மார்னிங்’ அனுப்பிவிட்டேன். ‘உங்கள் படம் கிடைத்தது. எத்தனை ஏக்கர்?’ என்று கேட்டது பாட். சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறிவிட்டது. தேன்மொழி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு அதைச் சரிசெய்தாள். பிறகு மூன்று மா சேர்ந்தது ஓர் ஏக்கர் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தாள். எங்கள் பக்கத்தில் நிலத்தை இன்னமும் மாக்கணக்கில்தான் சொல்கிறோம். பொங்கல் முடிந்த கையோடு எல்லா ஆப்பிலும் பாட் பேச ஆரம்பித்தது. ஊரே மெச்சியது. தம்பி நிம்மதியாகக் குளித்தான்.

சரி, கோவிந்தராசு சித்தப்பா கதைக்கு வருகிறேன்.

அவர் எங்களுக்குப் பங்காளி முறை. தம்பி வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி அவர் வீடு. வயலும் அப்படித்தான், பக்கத்துப் பக்கத்து வயல். ரோட்டை ஒட்டி அவருடையது, அதற்கு உள்ளே எங்களுடையது. எங்கள் வயலுக்கு மெஷின் போக வேண்டுமென்றால் அவர் வயலில் இறங்கித்தான் போக வேண்டும். அதனால் நாற்று விடுவதற்கு முன்பே முன்வயல்காரரும் உள்வயல்காரரும் உட்கார்ந்து பேசிக்கொள்வது வழக்கம். என்ன ரகம், எப்போது நடவு என்று. இரண்டும் ஒன்றாக விளைந்தால் முன்வயலை அறுத்துவிட்டு வண்டி அப்படியே உள்ளே போய்விடும் அல்லவா?

இந்த வருஷம் அந்தப் பேச்சு நடக்கவில்லை. ஏனென்றால் இரண்டு பேரும் பேசிக்கொள்வதே இல்லை.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். தம்பி புது வீடு கட்டிக் குடிபோனபோது பத்திரிகையை எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினான். வெளியூர்க்காரர்களுக்குச் சரி. நாலு வீடு தள்ளியிருக்கிற பங்காளிக்குமா? வெற்றிலை பாக்குத் தட்டோடு நேரில் போய் அழைக்க வேண்டாமா? ‘ஒரு தடவ போனேன்க்கா, அவரு வீட்டுல இல்ல, அப்புறம் வேலைல விட்டுப்போச்சு’ என்று இழுத்தான். சித்தப்பா விசேஷத்துக்கு வரவில்லை. கையெடுத்துக் கும்பிடுகிற பொம்மை ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தார். கேட்டவர்களிடம், “போன்ல கூப்பிட்டான், போன்லயே போயிட்டு வந்துட்டேன்” என்றாராம். அன்றோடு பேச்சு நின்றது.

அவர் இந்த வருஷம் தாமதமாக நட்டார். விளைவு? போன வாரம் எங்கள் வயல் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. அவருடையது இன்னும் பச்சை. வங்கக் கடலில் தாழ்வு நிலை, மழை நிச்சயம் என்று டி.வி. சொல்லிக்கொண்டே இருக்கிறது. முற்றிய கதிர் மேல் மழை விழுந்தால் படுத்துவிடும். தண்ணீரில் கிடந்தால் முளைத்தும்விடும். ஒரு போகம் முழுதும் போயிற்று என்று அர்த்தம். தம்பிக்கு வேறு வருமானம் கிடையாது.

வாய்க்கால் கரை வழியாக வண்டியை விட்டுவிடலாம் என்று அவன் மனக்கோட்டை கட்டியிருந்தான். பாட்டும் முறைப்படி தேதி கொடுத்துவிட்டது. அன்றைக்குக் காலையில் வண்டி வந்து நின்றது. அறுப்பைப் பார்க்க நானும் போயிருந்தேன். டிரைவர் இறங்கிக் கரையைக் காலால் மிதித்துப் பார்த்தார்.

“தாங்காதுங்க. வண்டி வாய்க்கால்ல சரிஞ்சா அதத் தூக்க இன்னொரு வண்டி வரணும். முன்வயல் வழியா விடுங்க. இல்லன்னா அடுத்த ஆளு வயலுக்குப் போறேன். அவங்களும் மழைக்குப் பயந்துகிட்டுத்தான் இருக்காங்க.”

நியாயமான பேச்சு. வண்டி போய்விட்டால் திரும்பி வர ஒரு வாரமாவது ஆகும். மழை அதுவரை காத்திருக்குமா?

அப்போது என் தம்பி என்ன செய்தான் தெரியுமா? மகளைப் பார்த்து மெல்ல, “அந்தப் பாட்ட விட்டே கேளேம்மா” என்றான்!

அவளும் பதற்றத்தில் யோசிக்காமல் அனுப்பிவிட்டாள். சித்தப்பாவும் குழு உறுப்பினர்தான்; ஆளுக்கு ஒன்று என்றால் அவரிடம் நாலு ஆப்பும் உண்டு. அத்தனையிலும் ஒரே நேரத்தில் போய் இறங்கியது: ‘அன்புள்ள விவசாயிக்கு, அறுவடை இயந்திரம் தங்கள் வயல் வழியே செல்ல அனுமதி தேவை. ஆம் எனில் 1, இல்லை எனில் 2.’

நீல டிக் விழுந்தது. வரப்பில் நின்றபடி எல்லோரும் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். வந்தது 3. மறுபடியும் 3.

“மூணுன்னா என்னக்கா? மூணு மணிக்கா? மூணு நாள் கழிச்சா?” என்றான் தம்பி.

“மூணுன்னு ஒரு ஆப்ஷனே நான் குடுக்கலப்பா” என்றாள் தேன்மொழி.

எனக்கு வந்ததே கோபம்! “டேய், மனுஷன் எதுக்குக் கோவிச்சுக்கிட்டாரு? மெசேஜ்ல கூப்பிட்டதுக்கு. இப்ப அதையே திரும்பவும் செஞ்சு வெச்சிருக்க. அதுவும் ஒரு மெஷின விட்டு! கிளம்புடா” என்றேன். டிரைவரிடம் கொஞ்ச நேரம் பொறுக்கச் சொன்னோம். தம்பி மனைவி மல்லிகா வெற்றிலை பாக்கும் பழமும் வைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

“வாங்க, வாங்க” என்று சித்தப்பா வீட்டு வாசலில் வரவேற்றது சித்திதான். சித்தப்பா டி.வி.யில் வானிலைச் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. தம்பி தட்டை வாங்கி அவர் முன்னால் நீட்டினான்.

“சித்தப்பா... வீடு குடிபோனப்பவே இந்தத் தட்டோட வந்திருக்கணும். வரல. தப்புதான்.”

“இப்ப எதுக்கு வந்த?”

“வழி கேட்டு வந்தேன்.”

சித்தப்பா டி.வி. சத்தத்தைக் குறைத்தார். தம்பியிடம் பேசாமல் என்னைப் பார்த்தார். “ஏம்மா, நீ ஊருக்கெல்லாம் எழுதுறவ. நீயே சொல்லு. போன்ல நாலு பக்கமும் வந்து கேக்கத் தெரியுது. நாலு வீடு தாண்டி வரத் தெரியலையா?”

அவர் கேட்டது நியாயம். ஆனாலும் மனசு கேட்காமல், “மூணுன்னு ஏன் சித்தப்பா அனுப்புனீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“ஒண்ணு அனுப்பினா நான் ஏமாளி. ரெண்டு அனுப்பினா பாவி. வேற என்னத்தம்மா அனுப்புறது?”

சுருக்கென்றது எனக்கு. ஒரு மனிதரை ஏமாளியாகவோ பாவியாகவோ ஆகச் சொல்லி ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கிறோம். அனுப்பும்போது அது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அவர் தட்டை வாங்கிச் சித்தியிடம் கொடுத்தார். சித்தி காபி போடப் போனதைத் தடுத்தார். உள்ளே போய்க் கதிர் அரிவாளோடு வந்தார். “காபியெல்லாம் அப்புறம். மேகம் கட்டுது பாரு. வழிய வெட்டிட்டுப் பேசலாம்.”

விளையாத வயலில் மெஷினை விட்டால் மிதிபட்டுப் பாழாகும். கையால் அறுத்துத்தான் வழி எடுக்க வேண்டும். ரோட்டிலிருந்து எங்கள் வரப்பு வரைக்கும் ஒரு வண்டி அகலத்துக்குப் பயிர் போக வேண்டும். முதல் பிடியை அவரேதான் அறுத்தார். இன்னும் இரண்டு வாரம் நின்றால் நெல்லாகியிருக்கும் பயிர். தம்பி அவர் பக்கத்தில் குனிந்தான். மல்லிகாவும் இறங்கினாள், டிரைவரும் இறங்கினார். நானும் தேன்மொழியும் அறுத்ததை அள்ளி அள்ளி வரப்பில் போட்டோம், மாட்டுக்காவது ஆகட்டும் என்று. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் சொல்கிறேன், பச்சைக் கதிரை அள்ளியபோது அழுதுவிட்டேன். சித்தப்பாவோ சாதாரணமாக, “வரப்ப ஒட்டிப் போடா, நடுவுல போவாத” என்று தம்பியை அதட்டிக்கொண்டிருந்தார். இத்தனை நாள் பேசாமலிருந்த பேச்சுக்கு அதட்டலே போதும் என்று இருந்தது அவனுக்கு.

நடுவில் பாட் சும்மா இருக்குமா? ‘அறுவடை தாமதமாகிறது. காரணத்தைத் தேர்வு செய்யவும்: மழை, வண்டிப் பழுது, மற்றவை’ என்று தேன்மொழியின் ஃபோனை விடாமல் தட்டியது. அவள் சேற்றுக் கையைப் புடவையில்... இல்லை, பேண்ட்டில் துடைத்துக்கொண்டு ‘மற்றவை’ என்று அழுத்தினாள். அந்த ‘மற்றவை’க்குள் எத்தனை அடங்கிவிட்டது பாருங்கள்! வீம்பு, தட்டு, மன்னிப்பு, ஒருவர் வயலில் இன்னொருவருக்காக அறுத்த பச்சைப் பயிர்... நம் வாழ்க்கையில் முக்கால்வாசி இந்த ‘மற்றவை’யில்தான் நடக்கிறது. கம்ப்யூட்டரைக் குறை சொல்லவில்லை. கேட்கத் தெரிந்ததைக் கேட்கிறது, பாவம்.

மதியத்துக்குள் வழி தயார். வண்டி இறங்கியது. பொழுது சாய்வதற்குள் எங்கள் வயல் முடிந்து, டிராக்டரில் நெல் வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. அடுத்த வயல்காரரிடம் தாமதத்தைத் தம்பியே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தான். பாடம் ஏறிவிட்டது போல.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மழை பிடித்தது. சடசடவென்று ஆரம்பித்து, வாசல் தெரியாத அளவுக்குக் கொட்டியது. புது வீட்டின் போர்ட்டிகோவில் தார்ப்பாய்க்குள் நெல் பத்திரமாக இருந்தது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். சித்தப்பாவின் வயல்தான் எல்லோர் மனதிலும் இருந்தது. வழி வெட்டிய இடத்தின் ஓரத்துப் பயிர் இந்தக் காற்றுக்குச் சாயாமல் நிற்குமா?

தம்பியின் ஃபோன் அடித்தது. வாட்ஸ்அப் இல்லை, டெலிகிராம் இல்லை. சாதா கால். கை எச்சிலாக இருந்ததால் தேன்மொழி ஸ்பீக்கரில் போட்டாள். மழைச் சத்தத்துக்கு நடுவே சித்தப்பாவின் குரல்.

“கதிரு... நெல்லு நனையாம வீடு வந்து சேர்ந்துச்சாடா?”

எச்சில் கையோடு எழுந்து நின்றுதான் பதில் சொன்னான் என் தம்பி.