மூடியில்லாமல் கொடுத்த மெழுகுவர்த்திகள்

உடும்பஞ்சோலைப் பக்கத்தில் ஒரு ஹோம்ஸ்டேயில் நான் செய்த மெழுகுவர்த்தி தீப்பிடித்தது. மெழுகுவர்த்தி என்றால் எரியத்தானே செய்யும் என்று சிரிக்க வேண்டாம். திரி எரிவது வேறு, குவளைக்குள் இருக்கிற மெழுகு முழுவதும் தீயாக நிற்பது வேறு. கண்ணாடிக் குவளை விரிசல் விட்டு, மேசை விரிப்பு கருகி, மரமேசையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது. யாருக்கும் காயம் இல்லை. அன்று அங்கே விளக்கேற்றும் வேலையில் இருந்தது என் அம்மா.

வாசனை மெழுகுவர்த்தி செய்வது என் தொழில். தொழில் என்றுதான் சொல்வேன். "பொழுதுபோக்கா பண்றீங்களா?" என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். சித்தூரில் விடுதியில் தங்கி வேதியியல் படித்தேன். பட்டத்தோடு மலைக்குத் திரும்பி வந்து அடுப்பில் மெழுகை வைத்தபோது, இதற்கா படித்தாய் என்று நாங்கள் குடியிருந்த தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லோரும் கேட்டார்கள். இதற்குத்தான் என்றேன். வாசனை எண்ணெயை எந்தச் சூட்டில் கலப்பது, எவ்வளவுக்கு மேல் போனால் மெழுகு அதைப் பிடித்துவைக்க முடியாமல் வியர்க்கும், எந்த அகலக் குவளைக்கு எந்தத் தடிமனில் திரி வேண்டும், இதெல்லாம் படிக்காமல் வந்த அறிவு இல்லை. ஊற்றிய மெழுகுவர்த்தியை இரண்டு வாரம் இருட்டில் ஆறவைத்த பிறகுதான் விற்பேன். புதிதாக வரும் குவளைகளில் சிலவற்றில் கொதிக்கும் நீரை ஊற்றி, உடனே பச்சைத் தண்ணீரில் வைத்துப் பார்ப்பேன். ஒன்று விரிசல் விட்டாலும் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவேன். கடைக்காரர் என்னைக் கண்டால் பெருமூச்சு விடுவார். விடட்டும்.

அந்த ஹோம்ஸ்டேயை நடத்தும் சேச்சி என்னிடம் முதல் ஆர்டர் கொடுத்தபோது மெழுகின் மேல் நாலு ஏலக்காயைப் பதித்துத் தரச் சொன்னார். வருகிறவர்கள் படம் எடுக்க அழகாக இருக்கும் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன். காய்ந்த காய் உருகிய மெழுகில் மிதந்துபோய்த் திரியைத் தொட்டால் அதுவும் ஒரு திரியாகிவிடும். அப்புறம் அது ஒரு மெழுகுவர்த்தி இல்லை, ஐந்து மெழுகுவர்த்தி. அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் ஒப்புக்கொண்டார். அன்று நான் விட்டுக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். மூடி. குவளைக்கு நான் கொடுக்கும் தகர மூடி ஊறுகாய் ஜாடி மாதிரி இருக்கிறதாம். சரி, மூடியில்லாமல் தருகிறேன் என்றேன். மூடி தூசி விழாமல் இருக்கத்தானே என்று அப்போது நினைத்தேன்.

லேபிளை ஆங்கிலத்தில் அடித்தேன். பதினோரு வரி. திரியைக் கால் அங்குலத்துக்கு வெட்டுங்கள், முதல் தடவை மேல்மெழுகு விளிம்புவரை உருகும்வரை எரியவிடுங்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், காற்று வரும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், அரை அங்குல மெழுகு மிஞ்சும்போது நிறுத்திவிடுங்கள், அணைக்க மெல்ல ஊதுங்கள். ஒரு பிழை இல்லாமல் எழுதினேன். அந்த ஆங்கிலத்தை நாலு பேர் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

அம்மாவுக்குத் தமிழே எழுத்துக்கூட்டத் தெரியாது. முழங்கால் போன பிறகு ஏலத்தோட்டச் சரிவில் ஏற முடியாமல் அந்த ஹோம்ஸ்டேயில் சேர்ந்தவள். அறை பெருக்குவாள், படுக்கை விரிப்பாள், மாலையில் மெழுகுவர்த்திகளை ஏற்றி, ஆட்கள் சாப்பிடப் போனதும் அணைப்பாள். மூன்று வருடமாகச் சமதரையில் நடந்து வேலை செய்ததில் கால் வீக்கம் குறைந்திருந்தது. அவளுக்கு நான் லேபிளைப் படித்துக் காட்டவில்லை. திரியை வெட்டுவது எப்படி, முதல் நாள் எவ்வளவு நேரம் எரிய வேண்டும், இரண்டையும் வாயால் சொல்லிக்கொடுத்தேன். தினமும் நகவெட்டியால் திரியை வெட்டினாள். என்னைவிடச் சரியாக வெட்டினாள். அணைப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அணைப்பதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது?

தீப்பிடித்த அன்று அம்மா பக்கத்து அறையில் தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். தங்கியிருந்த ஒருவர் பதறிப்போய் ஜக்குத் தண்ணீரைக் குவளைக்குள் ஊற்றிவிட்டார். உருகிக் கொதிக்கும் மெழுகில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்பது தாளிக்கும்போது ஈரக்கையை உதறியவர்களுக்குத் தெரியும். தீ முகத்துக்கு நேராக எழும்பியது, குவளை விரிசல் விட்டது, மெழுகு விரிப்பில் ஓடியது. சத்தம் கேட்டு வந்த அம்மா சமையலறையிலிருந்து பெரிய அலுமினியச் சட்டியை எடுத்துவந்து எல்லாவற்றின் மேலும் கவிழ்த்தாள். கவிழ்த்த சட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அவ்வளவுதான், தீ அணைந்தது.

மறுநாள் சேச்சி என்னை அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலி போட்டார், பால் இல்லாத கட்டன் சாயா கொடுத்தார். தங்கியிருந்தவர்கள் இணையத்தில் மோசமாக எழுதிவிட்டார்கள், யாரையாவது பொறுப்பாக்கினோம் என்று பதில் போட வேண்டும் என்றார். என் மெழுகுவர்த்தியைப் பற்றி அவருக்குப் புகார் இல்லை, தொடர்ந்து வாங்குவார். அம்மாவை மட்டும் இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். வயதாகிறது, கவனம் இல்லை. அதுவரை மலையாளத்தில் பேசியவர் அப்புறம் தமிழில் சொன்னார்: "லயத்துல இருந்து வந்தவங்க இல்லே, அவங்களுக்கு இதெல்லாம் எங்க அறியும்."

"நானும் லயத்துல இருந்து வந்தவதான் சேச்சி" என்றேன்.

நீ வேறு, நீ படித்தவள் என்றார். அது பாராட்டு என்று அவர் நினைத்தார். நான் சாயாவைக் குடிக்காமல் வைத்துவிட்டு, மூன்று நாள் பொறுங்கள், என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

வீட்டில் அம்மா ஏற்கெனவே முடிவு செய்து வைத்திருந்தாள். "நான் கவனிக்காம விட்டுட்டேன்னு சொல்லிரு பாப்பா" என்றாள். "என் வேல போனா போகுது. உன் சாமானத்துக்குக் கெட்ட பேரு வந்தா அப்புறம் எவன் வாங்குவான்?"

"வேல போனா என்ன பண்ணுவ?"

"ஏலக்காயெடுக்கப் போறேன். போகாத மலையா?"

போகாத மலை இல்லைதான். ஆனால் அந்தக் காலோடு போகிற மலையும் இல்லை. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் சத்தம் போட்டேன். அவளும் போட்டாள். கடைசியில் அவள், தூக்கி எறியச் சொன்னார்கள், எறிய மனசு வரவில்லை என்று சொல்லி, பழைய துண்டில் சுற்றியிருந்த உடைந்த குவளையை என் முன்னால் வைத்தாள்.

அடியில் ஒரு விரல் கனத்துக்கு மெழுகு ஒட்டியிருந்தது. கத்தியால் மெல்லப் பெயர்த்தேன். உள்ளே கருகிய துணுக்குகள். முதலில் தீக்குச்சித் தலை என்று நினைத்தேன். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்தபோது ஓரம் மட்டும் மஞ்சளாக இருந்தது. எண்ணினேன். ஒன்பது.

"இது என்னம்மா?"

"செவ்வந்தி" என்றாள், சாதாரணமாக.

"இது எப்படி உள்ள வந்துச்சு?"

"அணைக்கும்போது வச்சதுதான். பின்ன வாயால ஊதச் சொல்றியா? தீயில எச்சி படாது?"

எங்கள் வீட்டில் சாமி விளக்கை யாரும் ஊதி அணைத்ததில்லை. பூவால் சுடரைத் தொட்டு அணைப்பாள் அம்மா. நான் பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். வெள்ளிக்கிழமை விளக்கைத் துலக்கும்போது அந்தப் பூ எண்ணெயோடு போய்விடும். மெழுகில் அது போகாது. சுடரில் வைத்த இதழ் உருகிய மெழுகில் விழும், மெழுகு ஆறி அதன் மேல் மூடிக்கொள்ளும், மறுநாள் பார்த்தால் மேலே வழவழவென்று வெள்ளையாக இருக்கும். இப்படி ஒவ்வொரு நாளும் ஒன்று. மெழுகு அடிமட்டத்துக்கு வந்த அன்று எல்லா இதழும் ஒன்றாக வெளியே வந்திருக்கின்றன. நான் நாலு ஏலக்காயை மாட்டேன் என்று சொன்ன அதே குவளையில் ஒன்பது திரி.

தெரிந்தது போதாது, நிரூபிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் துணி துவைக்கிற கல்லின் மேல் தகரத் தட்டில் மணலைப் பரப்பினேன். ஒரே மாதிரி நான்கு குவளையில் இரண்டு விரல் உயரத்துக்கு மெழுகு ஊற்றி, இரண்டில் இதழ்களைப் போட்டேன். இரண்டில் ஒன்றும் இல்லை. ஏற்றிவிட்டுப் பெரிய மூடிகளைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இதழ் இல்லாத இரண்டும் சமர்த்தாக எரிந்தன. இதழ் போட்டவற்றில் ஒரு மணி நேரத்தில் திரிக்குப் பக்கத்தில் இன்னொரு சுடர் எழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு எல்லாம் சேர்ந்து ஒரே தீ. ஒரு குவளையின் ஓரம் கறுத்து 'டிக்' என்று விரிசல் விழுந்தது. நான் மூடியைப் போட்டேன். அணைந்தது. எச்சியும் படவில்லை, பூவும் விழவில்லை. இதைத்தான் நான் ஊறுகாய் ஜாடி என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்து விட்டுக்கொடுத்திருந்தேன்.

அம்மா வாசற்படியில் நின்று முழுவதையும் பார்த்தாள். "அப்ப என் தப்புதான" என்றாள்.

"உன் தப்பு இல்ல. உனக்குச் சொல்லாதது என் தப்பு."

"ரெண்டும் ஒண்ணுதான்" என்று உள்ளே போய்விட்டாள். அவள் கண் கலங்கியிருந்ததா, கோபமா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

விரிசல் விட்ட குவளையையும் நல்ல குவளையையும் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை சேச்சியிடம் போனேன். தோட்டத்தில் இருந்த மேசையில் இரண்டையும் வைத்துச் சொன்னேன். பூவைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. இவர்கள் நம்பிக்கைகள் என்று ஏதோ ஆரம்பித்தார். உங்கள் வீட்டுப் பூஜை அறை நிலவிளக்கை ஊதியா அணைக்கிறீர்கள் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. இல்லை என்று தலையாட்டினார்.

"அம்மாவும் சேச்சி மாதிரிதான் செஞ்சாங்க" என்றேன். "அது மெழுகுவர்த்திக்கு ஆகாதுன்னு சொல்ல வேண்டியது நான். நான் இங்கிலீஷ்ல எழுதி ஒட்டிட்டு, அத ஏத்துறவங்க யாருன்னு யோசிக்கல. மூடி இல்லாம கொடுத்ததும் நான். பதில் போடணும்னா, மெழுகுவர்த்தி செஞ்சவ தப்புன்னு போடுங்க. அன்னிக்கு தீய அணைச்சது உங்க வேலைக்காரம்மாதான்னும் போடுங்க."

அப்படியானால் உன் மெழுகுவர்த்தியை இனி நான் எப்படி வாங்குவது என்று கேட்டார். நியாயமான கேள்வி.

"வாங்க வேண்டாம். மிச்சம் இருக்கிறத இப்பவே எடுத்துக்கிறேன். அம்மா நாளைக்கு வேலைக்கு வருவாங்க."

அவர் கறுத்த குவளையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, எப்போதும் போல எட்டு மணிக்கு வரச் சொல் என்றார். பதினான்கு மெழுகுவர்த்திகளை இரண்டு பைகளில் போட்டு நானே சுமந்து பஸ் நிறுத்தம்வரை நடந்தேன். என் பெரிய வாடிக்கை அது. போனதில் வருத்தம் இருந்தது. வெட்கம் இல்லை.

இப்போது என் குவளை எதுவும் மூடியில்லாமல் போவதில்லை. அழகில்லை என்பவர்கள் வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளலாம். லேபிளில் தமிழும் மலையாளமும் இருக்கின்றன, ஆங்கிலம் கடைசியில். எழுத்துக்கு மேலே மூன்று படங்கள். திரியை வெட்டும் நகவெட்டி, குவளையின் அடியில் மிச்சம்விட வேண்டிய மெழுகின் அளவு, சுடரின் மேல் இறங்கும் மூடி. படங்களை வரைந்து முதலில் அம்மாவிடம் காட்டினேன். மூன்றில் இரண்டைச் சரியாகச் சொன்னாள். மூன்றாவதைப் பார்த்து, இது என்ன தொப்பியா என்றாள். மூடியை மறுபடி வரைந்தேன். புது இடத்தில் யாராவது வாங்கினால், அதை ஏற்றி அணைக்கப்போகிறவர் யார் என்று கேட்டு, அவரை வரச்சொல்லி, என் முன்னால் ஒரு தடவை ஏற்றி அணைக்கச் சொல்கிறேன். முதலாளிகளுக்கு இது அதிகப்படியாகத் தெரிகிறது. தெரியட்டும்.

ஹோம்ஸ்டேயில் இப்போது பேட்டரி மெழுகுவர்த்தி வைத்திருக்கிறார்கள். அம்மா தினமும் போகிறாள். அதைப் பற்றிக் கேட்டால், "சுச்சுப் போட்டா எரியுது, மூக்க வச்சாலும் ஒரு வாசனையும் இல்ல" என்கிறாள். வீட்டுக்கு வந்ததும் நான் புதிதாக ஊற்றியதில் ஒன்றை அவள்தான் எரித்துப் பார்க்கிறாள். நேரம் முடிந்ததும் மூடியைப் போடுவாள். பிறகு தலையிலிருந்து ஒரு பூவை எடுத்து அந்த மூடியின் மேல் வைப்பாள். மூடிக்கு மேல் இருக்கிற பூ தீப்பிடிக்காது.