காய் வரையாத அவுரி

அப்ரீன் பானு செடிகளைப் படம் வரைகிறவள். பிறந்தது கடையநல்லூர், வாழ்க்கைப்பட்டது சங்கரன்கோவிலில். கல்லூரியில் தாவரவியல் படித்த நாளிலேயே, லென்சில் பார்த்ததைப் பேனாப் புள்ளிகளாகத் தாளில் இறக்கும் கை அவளுக்கு வாய்த்திருந்தது. பேராசிரியர் துரைப்பாண்டி தம் ஆய்வுக் கட்டுரைகளுக்கு அவளைத்தான் வரையச் சொல்வார்.

ஐப்பசி மழைக்குப் பிறகு, திருவேங்கடம் ரோட்டோரத் தரிசில் இருவரும் ஓர் அவுரிச் செடியைப் பார்த்தார்கள். இலையின் அடிப்பக்கத்தில் மெல்லிய வெள்ளிமுடி. பூவோ செங்கல் நிறம்.

"இது புது இனமாத்தான் இருக்கும்மா," என்றார் துரைப்பாண்டி.

நின்றதே ஒரு பாத்தி அளவுதான். அவர் ஒரு கிளையை மட்டும் ஒடித்துத் தாளுக்கிடையில் வைத்து அழுத்தினார். அவள் ஈரக் கரிசலில் குத்தவைத்து இலையையும் பூவையும் வரைந்தாள். அவுரிகளைப் பிரித்துச் சொல்லக் காய் வேண்டும். காய்க்கட்டும் என்று படத்தில் அதற்கு இடம் விட்டாள்.

அதற்குள் மாமியாருக்கு ஆபரேஷன். ஆஸ்பத்திரியும் வீடுமாக மார்கழி போயிற்று. தை பிறந்து அவள் பஸ் ஏறிப் போனபோது தரிசைச் சுற்றிக் கம்பிவேலி. உள்ளே மண்ணை மட்டமாக்கி, சோலார் தகடுகளுக்குக் கம்பம் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா தேடுதீய?" என்றார் வாட்ச்மேன்.

"இங்கன ஒரு செடி நின்னுச்சு, அண்ணாச்சி."

"செடியா? எல்லாத்தையும் ஜேசிபி வழிச்சுப் போட்டுட்டுதே!"

வேலியோரமாக ஒரு சுற்று நடந்து தேடிவிட்டுத்தான் திரும்பினாள்.

விஷயத்தைக் கேட்ட துரைப்பாண்டி பெருமூச்சு விட்டார். "வேற அவுரிக் காயைப் பாத்து ஒண்ணு வரஞ்சிரும்மா. பெருசா வித்தியாசம் இருக்காது."

"நான் பாக்கலையே சார். பாக்காததை எப்படி வரைய?"

"படந்தானம்மா?"

"அந்தப் படத்தை நம்பித்தான சார் நாளைக்கு ஒருத்தரு செடியத் தேடுவாரு?"

அவர் வற்புறுத்தவில்லை. காயில்லாமலே கட்டுரை ஆய்விதழுக்குப் போயிற்று. போன வேகத்தில் திரும்பியது. காய் இல்லாமல் புது இனம் என்று ஏற்பதற்கில்லை, சாதாரண அவுரியின் ஒரு மாறுதலாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார்கள்.

"இருக்கும்மா. சில சமயம் நம்ம கண்ணே நம்மள ஏமாத்திரும்," என்றார் துரைப்பாண்டி.

வேலியைப் பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு வலிக்கவில்லை. அந்த வெள்ளிமுடிகளை ஒவ்வொன்றாக வரைந்தது அவள் கண்தானே.

துரைப்பாண்டி ஓய்வு பெற்று, மகனோடு இருக்க மதுரைக்குப் போய்விட்டார். மழைக்காலம் வந்தால் அவள் மட்டும் வேலியோரமாக நடந்து பார்க்கிறாள். இந்த வருஷமும் போனாள். ஊரெங்கும் முளைக்கிற அவுரிதான் முளைத்திருந்தது. ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, செருப்பில் அப்பிய கரிசலைக் கல்லில் தேய்த்துவிட்டு, பஸ்ஸுக்கு நின்றாள்.