தலைதீபாவளிக்கு மாட்டிய கீசர்

அக்கா நாவலூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் தன்னோடு வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணம் திருவிடந்தைக் கோவிலில். அப்பா வந்தார், தாரை வார்த்துக் கொடுத்தார், பந்தியில் உட்காராமல் பஸ் ஏறிப் போய்விட்டார். அதனால் தலைதீபாவளிக்கு வரச்சொல்லி அவரே போன் செய்ததும் அக்கா அழுதேவிட்டாள். அப்பா தன் புருஷனை ஒருமுறை மனதார மாப்பிள்ளை என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அது அப்பாவுக்கும் நன்றாகத் தெரியும்.

நாங்கள் இருந்தது அணுபுரம் குவார்ட்டர்ஸில். அங்கே எல்லாருக்கும் ஒரு வீம்பு உண்டு. அணுமின் ஆலையில் கொதிநீர்க் குழாயோடு மல்லுக்கட்டுகிறவன் வீட்டுக் குழாய்க்கு பிளம்பரைக் கூப்பிட்டால் தெருவே சிரிக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஏதாவது ஒரு பாத்ரூமில் ஒரு இன்ஜினியர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பார். அப்பாவும் அப்படித்தான்.

பண்டிகைக்கு முதல் நாள் அக்காவும் மாப்பிள்ளையும் வந்து இறங்கினார்கள். அன்றைக்கென்று எங்கள் கீசர் அடியில் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் தட்டுகிற கைக்கு ஸ்பானர் பிடிக்க வருமா என்று, பண்டிகைக்கு வந்திருந்த பெரியப்பாவிடம் அப்பா கேட்டார். மாப்பிள்ளை காதில் விழுகிற மாதிரிதான் கேட்டார். பாவம், அந்த மனுஷர் உடனே எழுந்து, நானே மாற்றுகிறேன் மாமா என்றார். செங்கல்பட்டுக்குப் போய், பண்டிகைக் கூட்டத்தில் இடிபட்டு, புது கீசரும் பைப்பும் வாங்கி வந்தார்.

வாங்கி வந்தது வெள்ளை பைப். அது பச்சைத் தண்ணீருக்கானது. சுடுதண்ணீருக்கு வெளிர் மஞ்சளாக ஒன்று விற்கிறது, அதைத்தான் போட வேண்டும். எனக்கு அன்றைக்கு இது தெரியாது. அப்பாவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

சொல்லவில்லை. பாத்ரூம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்தார். மாப்பிள்ளை பழைய இரும்புக் குழாயைக் கழற்றினார், சுவரில் துளை போட்டார், பைப்பை அறுத்துப் பசை தடவி ஒட்டினார். அவர் கேட்ட சாமானை அப்பா எடுத்துக் கொடுத்து, பலே பலே என்றார். அக்கா அடுப்படியிலிருந்து எட்டி எட்டிப் பார்த்துப் பூரித்தாள். என் அப்பாவை ஊரே நல்லவர் என்றுதான் சொல்லும். எனக்கும் அவர் மேல் பாசம் உண்டு. ஆனாலும் சொல்கிறேன், மனுஷர் குரூரமானவர்.

எங்கள் பக்கம் தலைதீபாவளிக்கு மாப்பிள்ளைக்குத்தான் முதல் குளியல். விடியுமுன் அவருக்கு எண்ணெய் வைத்தாயிற்று. கீசரில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அவரோ பாத்ரூம் வரை போய்த் திரும்பி வந்து, நான் மாட்டியதில் நீதான் முதலில் குளிக்க வேண்டும் என்று அக்காவைப் பிடித்து அனுப்பிவிட்டு, கொல்லையில் போய் நின்றார். முன்னறையில் இருந்த அப்பாவுக்கு இது தெரியாது.

கொஞ்ச நேரத்தில் பாத்ரூமுக்குள் எதுவோ பிடுங்கிக்கொண்ட சத்தம். அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார்.

"நேத்தே பாத்துட்டேன், அது பச்சத்தண்ணி பைப்பு. சூடு ஏறினா இளகிக்கும். தலையில ஊத்தினாத்தான் தொரைக்குத் தெரியும்னு கம்முனு இருந்தேன்" என்றார் பெரியப்பாவிடம்.

அதற்குள் அக்காவின் அலறல் கேட்டது. கொல்லையிலிருந்து மாப்பிள்ளை எண்ணெய்த் தலையோடு ஓடி வந்தார். அவரைக் கண்டதும் அப்பாவின் முகம் செத்துப்போனது.

அம்மா துண்டைச் சுற்றி அக்காவை வெளியே கூட்டி வந்தாள். கழுத்திலும் தோளிலும் தோல் சிவந்து உரிந்திருந்தது. மாப்பிள்ளை அப்பாவின் காலைப் பிடிக்காத குறை. என் தப்புதான் மாமா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா அதையும் வாங்கிக்கொண்டார்.

"விடுங்க மாப்ள, தெரியாம பண்ட்டீங்க" என்றார். அக்கா கேட்க ஆசைப்பட்டபடியே, மனதாரத்தான் கூப்பிட்டார்.

பாத்ரூமுக்கும் முன்னறைக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு சுவர், பேச்செல்லாம் கேட்கும். அக்கா அப்பாவைப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியாதுப்பா. உங்களுக்குத் தெரியும்."

ஈரத் துணி மேல் அம்மாவின் சேலையைப் போர்த்திக்கொண்டு செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்து நேராக நாவலூர். அப்பா உயிரோடு இருந்தவரை அவள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.