பேசா நோன்பும் டிரைவர் விசாவும்

அந்த வருடம் ரமலான் மாதத்தில் யாராவது கதவைத் தட்டினால் நான் கட்டிலுக்கடியில் இருப்பேன். என் உடம்பு வாகு அதற்கு ஏற்றதல்ல. தலை உள்ளே போனால் வயிறு வராது. வயிறு வந்தால் கால் வெளியே நிற்கும். தட்டியவர் பெரும்பாலும் தண்ணீர் கேன் போடுகிறவராகத்தான் இருப்பார். ஆனாலும் ஒவ்வொரு தட்டலுக்கும் "மாதாவே" என்று ஊர்ந்தேன்.

நான் ஓடிப்போனவன். அரசாங்கப் பதிவே அப்படித்தான் சொன்னது. என் பாஸ்போர்ட் வேறொருவர் அலமாரியில் இருந்தது. அடையாள அட்டை செல்லாது. தெருவில் இறங்கினால் பிடிப்பார்கள். பிடித்தால் ஜெயில். அங்கிருந்து எப்போது ஊருக்கு அனுப்புவார்கள் என்பது ஜெயில்காரருக்கே தெரியாது. பூதலூரில் எனக்கு ரோசி என்று ஒரு பெண்குழந்தை. நான் விமானம் ஏறிய பிறகு பிறந்தவள். அவளை நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். வேறு ஒன்றும் வேண்டாம்.

இந்த நிலைக்கு எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் ஓர் உரக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாட்டின் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். திறந்த கதவு வழியாக உள்ளே வந்தது பொட்டாஷ் மூட்டையின் புது விலை. வெளியே போனவன் நான். விலையைக் கேட்டதும் விவசாயிகள் கடைவாசலோடு திரும்பினார்கள். முதலாளி ஒருநாள், "அந்தோணி, நீங்க படிச்சவங்க..." என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பிக்கும் எந்தப் பேச்சும் படித்தவனுக்கு நல்லபடியாக முடிந்ததில்லை.

என் மனைவி லூர்துமேரியின் சித்தப்பா அரபு நாட்டுக்கு ஒரு விசா கொண்டுவந்தார். ஹவுஸ் டிரைவர் விசா.

"எனக்கு வண்டி ஓட்டத் தெரியாதே மாமா."

"அது பேப்பர்லதான் மாப்ள. அங்க போயி ஜவுளிக்கடையில கணக்கு எழுதப் போறீங்க. எல்லாரும் இப்படித்தானே போறாங்க?"

எல்லாரும் அப்படித்தான் போனார்கள். எங்கள் பக்கத்தில் டிராக்டர் ஓட்டியவர் சமையல்காரராகப் போனார், சமையல் தெரிந்தவர் தோட்டக்காரராகப் போனார். விசாவில் எழுதியிருக்கும் வேலையை, கல்யாணப் பத்திரிகையில் பேருக்குப் பின்னால் போடும் பட்டம் மாதிரி நினைத்தோம். யாரும் சரிபார்க்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை. சைக்கிளில் போனாலே எதிரே வரும் மாடுகள் ஒதுங்கி வழிவிடும் ஆள் நான். டிரைவராக விமானம் ஏறினேன்.

விசா எடுத்தவர் ஒரு பெரியவர். அங்கே நம்மை வரவழைத்துப் பொறுப்பேற்பவரை கஃபீல் என்பார்கள். அவருடைய தம்பியின் ஜவுளிக்கடையில் எனக்குக் கணக்கு வேலை. பெரியவர் கெட்டவர் அல்ல. சம்பளம் ஒழுங்காக வந்தது. பாஸ்போர்ட் மட்டும் போன அன்றைக்கே அவர் அலமாரிக்குள் போய்விட்டது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கிடைத்ததையெல்லாம் படிப்பேன். பழைய புத்தகக் கடையில் அந்த நாட்டுத் தொழிலாளர் சட்டம் ஆங்கிலத்தில் கிடைத்தது. வாங்கிப் படித்தேன். படித்ததோடு விட்டேனா? வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் எங்கள் அறை வக்கீல் ஆபீஸ் ஆகிவிடும். கம்பெனிகளில் வேலை பார்க்கும் நம் ஊர்க்காரர்கள் சந்தேகம் கேட்க வருவார்கள்.

"கம்பெனி பாஸ்போர்ட்டை வச்சுக்கலாமா சார்?"

"கூடாது. அது உங்க கையிலதான் இருக்கணும்."

"ஓவர்டைம் குடுக்க மாட்டேங்குறானே?"

"புகார் குடுங்க. தேதி போட்டு வாங்கிக்குங்க."

"ஒப்பந்தம் முடிஞ்சா டிக்கெட் யாரு போடுறது?"

"அவங்கதான். இதுகூடத் தெரியாமயா வந்தீங்க?"

சிலருக்குப் பலித்தது. ஒருவர் டிக்கெட் வாங்கி ஊர் போய் எனக்கு முறுக்கு அனுப்பினார். தலை கனத்துவிட்டது.

என் இரண்டு வருட ஒப்பந்தமும் முடிந்தது. ஊருக்குப் போகிறேன் என்றேன். பெரியவர், "பெருநாள் கழியட்டும்" என்றார். கழிந்தது. "கோடை கழியட்டும்" என்றார். அதுவும் கழிந்தது. கடையில் ஆள் இல்லையாம். லூர்து எழுதியிருந்தாள்: 'அப்பா எங்கே என்று கேட்டால் ரோசி சுவரில் இருக்கும் உங்கள் போட்டோவைக் காட்டுகிறாள். நேற்று அதற்குச் சோறு ஊட்டப் பார்த்தாள்.' அதைப் படித்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கடையில் நின்றேன், நடந்தேன், கூட்டிய கணக்கையே மறுபடி கூட்டினேன். மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டேன். பிறகு சட்டப்புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகப் பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

வரவேற்பறையில் விருந்தாளிகள் இருந்தார்கள். மகன்களும் இருந்தார்கள். அவர்கள் நடுவே நின்று புத்தகத்தைப் பிரித்து, பாஸ்போர்ட்டைத் திருப்பித் தர வேண்டும் என்கிற இடத்தை உரக்கப் படித்தேன். பெரியவர் முகம் கறுத்தது. மூத்த மகன் கையை நீட்டினான். புத்தகத்தை வாங்கி முதல் பக்கங்களுக்குத் திருப்பினான். படித்தான். சிரித்தான்.

"வீட்டு வேலைக்காரங்களுக்கு இந்தச் சட்டம் கிடையாதுன்னு ஆரம்பத்துலயே போட்டிருக்கே. நீ ஹவுஸ் டிரைவர்தானே?"

உண்மை. அத்தனை பேருக்கும் அந்தப் புத்தகம் பொருந்தியது. பொருந்தாத ஒரே ஆள் அதை வாங்கியவன்.

பெரியவர் மெதுவாகச் சொன்னார்: "சட்டம் பேசுற. சரி, சட்டப்படியே நடப்போம். நாளையிலேருந்து கடை வேண்டாம். காலையில வந்து சாவியை வாங்கிக்க. பேரப்பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ."

எனக்கு ஓட்டத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். எனக்கு அவரைவிட நன்றாகத் தெரியும். மறுநாள் காலை சாவி வாங்கப் போகவில்லை. ஒரு பையோடு பஷீர் காக்கா அறைக்குப் போனேன்.

பஷீர் காக்கா அதிராம்பட்டினத்துக்காரர். அண்ணனைக் காக்கா என்பது அவர்கள் வழக்கம். என்னையும் அப்படியே கூப்பிட வைத்துவிட்டார். சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். பிடிபட்டால் அடைக்கலம் கொடுத்த அவருக்கும் ஆபத்து. அதைப்பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "கட்டிலுக்கடியில அரிசி மூட்டை இருக்கு. நகர்த்திக்குங்க" என்றார்.

மாதாவோடு என் பேரம் அங்கேதான் சூடு பிடித்தது. முடிகாணிக்கை கொடுக்க என் தலையில் ஒன்றும் மிச்சமில்லை. அதனால் நடைப்பயணம் நேர்ந்தேன். ஓடிவந்த அன்று, நாகப்பட்டினத்திலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பதாகச் சொன்னேன். மாதா அசையவில்லை. பெரியவர் என்மேல் புகார் பதிந்துவிட்டார் என்று தெரிந்ததும் திருவாரூரிலிருந்து நடப்பதாக ஏற்றினேன். என்னைப் போலவே ஓடிவந்திருந்த பக்கத்து அறைக்காரரைப் போலீஸ் படியிலேயே மடக்கி வண்டியில் ஏற்றிய அன்று, கட்டிலுக்கடியில் கிடந்தபடி தஞ்சாவூர் என்றேன். வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. காக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"என்னா, பஸ்சுல கண்டக்டர் கூப்புடுற மாதிரி ஊர் பேரா சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

சொன்னேன். சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"அந்தோணி, எவ்வளவு நடக்குறதுன்னு பேசுறீங்க. சிக்கல் உங்க கால்ல இல்லையே. வாயில இருக்கு."

"நான் சொன்னது தப்பா காக்கா? பாஸ்போர்ட் என்னுதுதானே?"

"உங்களுதுதான். யாரு இல்லேங்குறா? ஆனா விருந்தாளி முன்னாடி ஒரு வயசாளியைக் குற்றவாளி மாதிரி நிக்க வச்சீங்கள்ல? நாளைக்கு நோன்பு திறக்குற நேரத்துக்கு அவர் வீட்டுக்குப் போவோம். அந்த நேரத்துல வந்தவனை அவங்க வாசல்லேருந்து அனுப்ப மாட்டாங்க. உள்ளே போனா நான் பேசுறேன். நீங்க வாயைத் திறந்தா நான் எழுந்து வந்துடுவேன்."

"ஒரு வார்த்தைகூடவா?"

"மர்யம் அம்மா ஒருநாள் மனுசங்க யார்கிட்டயும் பேச மாட்டேன்னு நோன்பு இருந்தாங்கன்னு எங்க குர்ஆன்ல உண்டு. நீங்க வேண்டுறதும் அந்த அம்மாகிட்டதானே? அதையே வைங்களேன். பேசா நோன்பு."

அன்று நான் ஊர் எதையும் ஏற்றவில்லை. மண்டியிட்டு ஒரே ஒரு ஜெபம் செய்தேன். தாயே, பாஸ்போர்ட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், நாளைக்கு என் வாயை மூடிவிடும். எனக்கு நினைவு தெரிந்து நான் இவ்வளவு சுருக்கமாக ஜெபித்ததில்லை. எழுந்திருக்கும்போது பழக்கதோஷத்தில் "பூதலூரிலிருந்தே நடக்கிறேன்" என்றும் சேர்த்துவிட்டேன்.

மறுநாள் சூரியன் இறங்கும் நேரத்தில் பெரியவர் வீட்டு வாசலில் நின்றோம். காக்கா சொன்னபடியே, உள்ளே வரச் சொன்னார்கள். தரையில் விரிப்பு, பேரீச்சம்பழம், தண்ணீர். பெரியவர் என்னைப் பார்த்தார். பள்ளிவாசலிலிருந்து பாங்கு கேட்டது. எல்லோரும் பழத்தை எடுத்தார்கள். நானும் எடுத்தேன். கொட்டையைத் துப்பாமல் பற்களுக்கிடையே வைத்துக்கொண்டேன்.

மூத்த மகன் தொடங்கினான். "வக்கீல் வந்திருக்கார். புத்தகம் எங்கே?"

கொட்டையைக் கடித்தேன்.

"நாங்க சொல்ற வரைக்கும் இங்கதான் இருக்கணும். பாஸ்போர்ட் எங்களோடது."

பாஸ்போர்ட் இந்திய அரசாங்கத்தின் சொத்து என்று அதன் உள்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறது. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாதாவே, மாதாவே என்று கொட்டையை இன்னும் அழுத்தினேன். கடைவாய்ப் பல்லில் ஒன்று இன்றுவரை அதற்குச் சாட்சி சொல்லும்.

பெரியவர் காக்காவைக் கேட்டார்: "இவனுக்கு என்ன ஆச்சு? ஏன் பேச மாட்டேங்குறான்?"

காக்கா சொன்னார். மர்யம் அம்மாவின் பேரில் பேசா நோன்பு இருக்கிறான், அந்த அம்மாவிடம்தான் வேண்டிக்கொண்டு கிடக்கிறான் என்றார். மகன் சிரிக்கப் போனான். பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தினார். என் பக்கம் திரும்பி, "பிள்ளைங்க இருக்கா?" என்றார்.

ஒரு விரலைக் காட்டினேன்.

"எவ்வளவு பெரிய பிள்ளை?"

தரையிலிருந்து கையை உயர்த்தினேன். எந்த உயரத்தில் நிறுத்துவது என்று தெரியவில்லை. முழங்கால் உயரமா? இடுப்பு வருவாளா? கொஞ்சம் தாழ்த்தினேன். மறுபடி ஏற்றினேன். கை காற்றில் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. என் பிள்ளையின் உயரம் எனக்குத் தெரியவில்லை. எந்தச் சட்டப்பிரிவும் அந்த அறையில் அதைச் சொல்லியிருக்காது.

பெரியவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். மகனிடம் ஏதோ சொன்னார். அவன் முணுமுணுத்தான். அவர் மறுபடி, இந்த முறை சத்தமாகச் சொன்னார். அவன் உள்ளே போய் என் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து விரிப்பில், பழத்தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். புகாரைத் திரும்பப் பெறவும், நாட்டைவிட்டு வெளியேற முத்திரை வாங்கவும் அவனே என்னோடு வர வேண்டும் என்று பெரியவர் உத்தரவு போட்டார். வந்தான். வழியெல்லாம் காரை அவன்தான் ஓட்டினான். விசாப்படி டிரைவரான நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

லூர்துவிடம் இதைச் சொன்னபோது பாஸ்போர்ட் கிடைத்ததை அவள் பெரிதாக நினைக்கவில்லை. "நீங்களா? அவ்வளவு நேரம் பேசாமலா? இது அற்புதம்தாங்க" என்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். நியாயமாக எனக்கு வர வேண்டியது இரக்கமாக வந்தது. அது இன்றும் எனக்குள் அரித்துக்கொண்டுதான் இருக்கிறது. பக்கத்து அறைக்காரருக்கு அப்படியொரு விரிப்பும் பழத்தட்டும் கிடைக்கவில்லை. ஏன் என்று ஜெபத்தில் கேட்கிறேன். பதில் வரவில்லை. வரும்வரை சும்மா உட்கார முடியவில்லை. அதனால் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வேப்பமரத்தடியில் நிற்கிறேன். வெளிநாடு போகிறவர்கள் விசாவைக் கொண்டுவருவார்கள். அதில் எழுதியிருக்கும் வேலை எது, போய்ச் செய்யப்போகும் வேலை எது என்றுதான் முதலில் கேட்பேன். இரண்டும் ஒன்றில்லை என்றால் போகாதீர்கள் என்பேன். பாஸ்போர்ட்டின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்பேன். சட்டப்புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படியுங்கள் என்பேன். பிறகு அவர்களோடு நின்று ஒரு மங்கள வார்த்தை ஜெபம் சொல்வேன். பதறிக் கிடப்பவர்களே, மாதாவிடம் கேளுங்கள். பேரம் வேண்டாம். உங்களுக்கு எது குறைவோ அதைக் கேளுங்கள். எனக்குக் குறைந்தது மௌனம். அதை மாதா கொடுத்தார்கள், மற்றது பின்னாலேயே வந்தது.

நேர்ந்த நடை பாக்கியிருந்தது. ஊர் வந்தபோது அறுவடை முடிந்து வயலில் உளுந்து பூத்திருந்தது. தவக்காலம் தொடங்கியிருந்தது. வீட்டில் ரோசி என்னைக் கண்டு அம்மாவின் முந்தானைக்குள் போனாள். அப்பா எங்கே என்றால் இன்னமும் சுவரைக் காட்டினாள். எனக்கு 'மாமா' என்று பெயர் வைத்தாள்.

"வேண்டுனதுதான் வேண்டுனீங்க. இந்தா இருக்குற பூண்டி மாதாகிட்ட வேண்டியிருக்கக் கூடாதா? சைக்கிள்லயே போயிட்டு வந்திருக்கலாம்" என்றாள் லூர்து.

பூதலூரிலிருந்து தனியாக நடந்தேன். கொப்புளம் உடைந்து, அதன் மேல் கொப்புளம் வந்தது. நாகப்பட்டினத்துக்கு லூர்து பிள்ளையோடு பஸ்ஸில் வந்து சேர்ந்துகொண்டாள். ரோசி தானே நடப்பேன் என்று அடம்பிடித்து எங்களுக்கு நடுவே நடந்தாள். கோபுரம் தூரத்தில் தெரிந்ததும் லூர்து கைகூப்பியபடி முன்னே போய்விட்டாள். வெயில் ஏறியிருந்தது. தார் ரோடு சுட்டது. ரோசி ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கினாள். சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் இருந்த ஆள் நான்தான். இரண்டு கைகளையும் மேலே நீட்டினாள்.

என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தாள். அவ்வளவுதான் உயரம். தூக்கிக்கொண்டேன். ஒன்றும் பேசவில்லை.